தொண்ணூற்றேழாம் வீட்டில் நின்ற பெட்டி

பெட்டி மறுபடியும் தொண்ணூற்றேழாம் வீட்டில் நின்றுவிட்டது.

மூக்கையா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் திரையை முறைத்தார். நீலக் கோடு பாதி வழிகூட வரவில்லை. பக்கத்தில் நாற்பத்தாறு சதவீதம் என்று ஓர் எண். காலையிலிருந்து ஐந்து தடவை ஓட்டியாயிற்று. ஐந்து தடவையும் அதே நாற்பத்தாறு. மலையேறும் ஓட்டை லாரிகூட இத்தனை ஒழுங்காக ஒரே வளைவில் நின்று அவர் பார்த்ததில்லை.

"தொங்கிருச்சு தலைவரே," என்றான் செல்லப்பாண்டி. காலனிச் சங்கத்துக்கு அவன்தான் செயலாளர். டைப் அடிப்பது, டீ வாங்கி வருவது, கூட்டம் முடிந்ததும் பாயைச் சுருட்டுவது எல்லாம் அவன் பொறுப்பு.

"தொங்குறதுக்கு அதென்ன வௌவாலா? நின்னு போச்சுன்னு சொல்லு."

பெருமாள்மலையைத் தாண்டி, வத்தலக்குண்டு ரோட்டிலிருந்து ஒரு கல் தூரம் இறக்கத்தில் இருக்கிறது அந்தக் காலனி. இருநூற்றுப் பன்னிரண்டு வீடு. எல்லோரும் சிலோன் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் குடியிருக்கிற வீட்டுக்குப் பட்டா கிடையாது. கேட்டு நடந்த நடையில் மூக்கையா தேய்த்த செருப்புகளை அடுக்கினால் இன்னொரு வீடு கட்டலாம். இந்த 2006-ஆம் வருடத்தில்தான், ஒருவழியாக, குடும்பப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றி ஒரு சி.டி.யில் கொடுங்கள் என்று கலெக்டர் ஆபீஸில் கேட்டிருந்தார்கள். திண்டுக்கல்லில் இன்று சாயங்காலம் ஐந்தரைக்கு அந்த ஆபீஸ் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். இரண்டு மணி பஸ்ஸை விட்டால் போய்ச் சேர முடியாது. பட்டியலில் இல்லாத வீட்டுக்குப் பட்டா இல்லை.

மூக்கையாவின் வீடு இருநூற்றுப் பன்னிரண்டாவது. பட்டியலில் கடைசி. நாற்பத்தாறில் நிற்கிற கோடு எந்தக் காலத்தில் அவரிடம் வந்து சேரும்?

அவருக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு நின்றவர். தெரியாத பொருளை நம்பக் கூடாது என்பது மட்டும் தெரியும். தெரிந்த பொருளையும் அவர் அதிகம் நம்புவதில்லை. சங்கத்துக்கு அவரைத் தலைவராக்கியதே அதனால்தான். மற்றவர்கள் ஒரு தடவை சண்டை போட்டுவிட்டு ஓய்ந்துவிடுவார்கள்.

பட்டியலைப் பிரதி எடுத்து சி.டி.யில் போடுகிற கருவியைச் செய்தது பழனியில் ஒரு சின்னக் கம்பெனி. கருவி என்றால் கையில் பிடிக்கிற சாமான் இல்லை, பெட்டிக்குள் ஓடுகிற புரோகிராம். அது நிற்கிறது என்று நேற்று போன் போட்டதும், செய்த ஆளே இன்று வெள்ளனே வந்து இறங்கிவிட்டது. சத்தியபிரியா. இருபத்தைந்து வயதுகூட இருக்காது. தோளில் ஒரு லேப்டாப், கழுத்தைச் சுற்றி மப்ளர், மூக்கு நுனியில் குளிர்.

"இதைச் செஞ்சது நீயா பிள்ளை?"

"ஆமாங்கய்யா."

"செய்யும்போது ஒழுங்கா ஓடுச்சா?"

"என் லேப்டாப்ல நல்லா ஓடுதுங்க. இப்பவும் ஓடும். ஒயரைச் சொருகிப் பாக்கட்டுமா?"

அதற்கு மூக்கையாவின் அனுமதி தேவைப்பட்டது. பட்டியல் இந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்று சங்கத்தில் தீர்மானம் போட்டு வைத்திருந்தார். பத்து வருடத்துக்கு முன்னால் வெள்ளைச் சட்டையும் தோல்பையுமாக ஒருவன் வந்தான். பட்டா வாங்கித் தருகிறேன் என்று எல்லோருடைய காகிதத்தையும் பைக்குள் வாங்கிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான். பையோடு போனவன்தான். அதிலிருந்து சங்கத்துக் காகிதம் எதையாவது யாராவது தொட்டால் மூக்கையா பக்கத்தில் நிற்பார்.

சரியென்று தலையாட்டிவிட்டு, இப்போதும் பக்கத்தில் நின்றார். பெட்டிக்கும் லேப்டாப்புக்கும் நடுவே சத்தியபிரியா ஒயரைச் சொருகினாள். லேப்டாப்பில் கோடு கிளம்பியது. நாற்பத்தாறு, ஐம்பது, எழுபது, நூறு. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"பாத்தீங்களா?"

"பாத்தேன். ஒன் பெட்டியில ஓடுது, எங்க பெட்டியில ஓடலை. ஆகமொத்தம் எங்க பெட்டி மட்டம். புதுசா ஒண்ணு விக்க வந்திருக்கே."

"ஐயா, எங்கப்பா பழனியில பூக்கடை வச்சிருக்காரு. எனக்கு ஒரு முழம் பூ விக்க வரலைன்னுதான் என்னைப் படிக்கவே அனுப்பினாரு."

செல்லப்பாண்டி சிரித்தான். மூக்கையா சிரிக்கவில்லை. ஆனால் அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது.

"தலைவரே, லேப்டாப்புல எடுத்ததையே சி.டி.யில போட்டுட்டா சோலி முடிஞ்சுச்சு," என்றான் செல்லப்பாண்டி.

"ஏலே, சி.டி.யோட குடுக்கிற பாரத்துல என்ன போட்டிருக்கு? படி."

செல்லப்பாண்டி படித்தான். சங்கத்துக் கம்ப்யூட்டரிலிருந்து எங்கள் முன்னிலையில் எடுக்கப்பட்ட நகல் என்று உறுதி கூறுகிறோம். கீழே தலைவர் கையெழுத்து, செயலாளர் கையெழுத்து.

"அந்தப் பிள்ளை பெட்டியில எடுத்துட்டு, எங்க பெட்டியில எடுத்தேன்னு நான் கையெழுத்துப் போடுறதா? நாளைக்கு எவனாவது கேட்டா இருநூத்திப் பன்னெண்டு வீடும் போச்சு. அழி பிள்ளை, ஒன் பெட்டியில இருக்கிறதை."

சத்தியபிரியா அழித்தாள். "அழிச்சாச்சுங்கய்யா."

"அழிச்சதுக்கு என்ன அத்தாட்சி?"

"இல்லாத ஒண்ணுக்கு எப்படிங்க அத்தாட்சி காட்டுறது?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்."

இதற்குப் பெட்டியே தேவலை என்பது போல அவள் அதன் பக்கம் திரும்பிக்கொண்டாள். மணி ஒன்பதே முக்கால்.

கருவியை மறுபடி ஓட்டினாள். நாற்பத்தாறு. இந்தத் தடவை அவள் திரையைப் பார்க்கவில்லை. பெட்டியின் முன்பக்கம் இருக்கிற சின்ன சிவப்பு லைட்டைப் பார்த்தாள். ஓடும்போது சிமிட்டிக்கொண்டிருந்த லைட்டு அணைந்து கிடந்தது.

"வேலை செஞ்சு தொவண்டு நிக்கலை," என்றாள். "வேலை செஞ்சா லைட்டு சிமிட்டும். சும்மா இருக்கு. எதுக்கோ காத்துக்கிட்டு இருக்கு."

"யாருக்குக் காத்துக்கிட்டு இருக்கு?"

"அது தெரிஞ்சா பத்தரை பஸ்ஸுக்கு நான் கெளம்பிருவேங்க."

"ஒன் பெட்டியில மட்டும் ஏன் காக்கலை?"

"எல்லாக் கம்ப்யூட்டருக்குள்ளயும் மத்ததையெல்லாம் மேய்க்கிற பெரிய புரோகிராம் ஒண்ணு இருக்குங்க. ஓ.எஸ்.னு சொல்லுவோம். ஒங்க பெட்டியில விண்டோஸ் தொண்ணூத்தெட்டு. என்னுதுல லினக்ஸ்."

"கங்காணி மாதிரி."

"கங்காணி மாதிரின்னே வச்சுக்குங்க."

"ஒரே சோலிக்கு ஒரு கங்காணிகிட்ட முழுப்பேரு, இன்னொரு கங்காணிகிட்ட அரைப்பேரு. அப்ப எவனோ ஒருத்தன் ஏமாத்துறான்."

தோட்டத்தில் கொழுந்து எடை குறைந்தால் அப்படித்தான். நாள் முழுக்க மலையில் நின்றவனுக்கு அரைப்பேர் என்று அரைநாள் கூலி போட்டு அனுப்புவார்கள். கப்பலேறி இத்தனை வருடம் ஆகியும் அந்தச் சொல் அவர் வாயை விட்டுப் போகவில்லை.

அதற்குள் செல்லப்பாண்டி பட்டியல் நோட்டைப் புரட்டி ஒரு சேதி கண்டுபிடித்துவிட்டான். "தலைவரே, தொண்ணூத்தேழு யாரு வீடு தெரியுமா? நம்ம பழனிமுத்து!"

மூக்கையா தொடையில் தட்டினார். "நான் நெனச்சேன்! குழாய்த்தண்ணி எங்க நின்னுச்சு? அவன் வீட்டு முன்னாடி. தார் ரோடு எங்க நின்னுச்சு? அவன் வீட்டு முன்னாடி. மனுசனா அவன், செக்போஸ்ட்டு. பிள்ளை, அவன் பேரை எடுத்து அந்தாண்டை வையி. ஓடுதான்னு பாப்போம்."

"ஆளைப் பாத்து கம்ப்யூட்டர் நிக்காதுங்க."

"நீ எடுத்துட்டுச் சொல்லு."

அவள் பழனிமுத்துவைத் தற்காலிகமாக ஓரம் கட்டிவிட்டு ஓட்டினாள். கோடு தொண்ணூற்றெட்டாம் வீடான சின்னச்சாமியிடம் நின்றது. சின்னச்சாமியையும் ஓரம் கட்டினாள். தொண்ணூற்றொன்பதில் நின்றது.

மூக்கையா நாற்காலியைப் பெட்டியை விட்டுப் பின்னால் நகர்த்திக்கொண்டார். பழனிமுத்து மேல் பழி போட்டது போக, இது ஆள் மாற்றி ஆள் பிடிக்கிற பேயாக இருக்கிறது. இப்படியே ஒவ்வொருவராக ஓரம் கட்டிக்கொண்டு போனால் கடைசியில் அவரையும் அல்லவா ஓரம் கட்டச் சொல்வார்கள்? எல்லோரையும் திரும்ப உள்ளே வைக்கச் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"கடைசியிலருந்து ஓட்டு."

"ஏங்க?"

"முன்னாடியிலருந்து ஓட்டி ஓட்டி முன்னாடி இருக்கிறவனுக்கே கெடச்சுக்கிட்டு இருக்கு. பின்னாடி இருக்கிறவன் மனுசன் இல்லையா? இருநூத்திப் பன்னெண்டுலருந்து ஆரம்பி."

"அது தலைவர் வீடுதாங்க," என்றான் செல்லப்பாண்டி.

"ஒன்னைக் கேட்டாங்களா?"

சத்தியபிரியா உதட்டைக் கடித்துக்கொண்டு இரண்டு எழுத்தை மாற்றினாள். கருவி தலைகீழாக ஓடியது. முதல் ஆள் மூக்கையா. அவர் பேர் சட்டென்று உள்ளே போனது. அவர் மார்பை நிமிர்த்திக்கொண்டார். கோடு ஏறியது, ஏறியது, நாற்பத்தைந்தில் நின்றது.

"எந்த வீடு?" என்றாள்.

"நூத்திப் பதினெட்டு," என்றான் செல்லப்பாண்டி. "சேனாதிபதி வீடு. தங்கமான மனுசன்."

அவள் விரல் மடக்கினாள். இருநூற்றுப் பன்னிரண்டிலிருந்து கீழே எண்ணினால் நூற்றுப் பதினெட்டு தொண்ணூற்றைந்தாவது வீடு. முன்பக்கமிருந்து தொண்ணூற்றேழு. பின்பக்கமிருந்து தொண்ணூற்றைந்து. நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"ஐயா! ஆளு மேல குத்தம் இல்லை! யாருகிட்ட ஆரம்பிச்சாலும் ஏறத்தாழ இத்தனை பேரு போனதும் நிக்குது. ஏதோ ஒண்ணு கொஞ்சம் கொஞ்சமா நெறையுது. நெறஞ்சதும் நிக்குது. செல்லப்பாண்டி அண்ணே, ஏதாவது ஒரு வீட்டைத் தொறந்து காட்டுங்க."

அவன் பழனிமுத்துவையே திறந்தான். பேர் என்று போட்டிருந்த கட்டத்தில் இப்படி இருந்தது: பழனிமுத்து என்கிற முத்துப்பழனி, செக்ரோல் பேர் பழனியாண்டி, கப்பல் கார்டில் பி. முத்து, தோட்டத்தில் மேல்பிரிவு மூணாம் லயம் வீடு, ரேஷன் கார்டில் முத்தையா, எல்லாம் ஒரே ஆள்.

சத்தியபிரியா இரண்டு தடவை படித்தாள். "பேருக்கு நாப்பது எழுத்துக்குத்தான் எடம் வச்சிருந்தேன். இதென்னங்க, கல்யாணப் பத்திரிகையா?"

"தலைவர் உத்தரவு," என்றான் செல்லப்பாண்டி.

மூக்கையா விட்டுக்கொடுக்கவில்லை. "ஒனக்கென்ன தெரியும் பிள்ளை? தோட்டத்துல செக்ரோலுன்னு சம்பள நோட்டு, அதுல கணக்கப்பிள்ளை அவன் வாய்க்கு வந்த பேரை எழுதினான். கப்பல் கார்டுல ஒருத்தன் இன்னொரு பேரை எழுதினான். இங்க வந்து ரேஷன் கார்டுக்கு நின்னா அவன் மூணாவதா ஒண்ணு. எங்க போனாலும், இதுல இந்தப் பேரு, அதுல அந்தப் பேரு, நீ எந்த ஆளுன்னு கேட்டுத் திருப்பி அனுப்புறான். அதான் எல்லாப் பேரையும் ஒரே எடத்துல போட்டுப் பூட்டு போட்டேன். இனி எவன் கேப்பான்?"

"எல்லா வீட்டுக்கும் இப்படியேவா?"

"எல்லாத்துக்கும்தான்," என்ற செல்லப்பாண்டி, ஓரக்கண்ணால் தலைவரைப் பார்த்துவிட்டு, "கிட்டத்தட்ட," என்று சேர்த்துக்கொண்டான்.

சத்தியபிரியா அதைக் கவனிக்கவில்லை. தலையில் கைவைத்து உட்கார்ந்து, தன்னைத்தானே திட்டிக்கொண்டிருந்தாள். "நான்தான். நானேதான் செஞ்சிருக்கேன்."

"என்ன செஞ்சே?"

"கருவிக்குள்ள பட்டியலை எடுத்து எழுதுறதுக்குன்னு ஒரு ஆளு இருக்குங்க. எங்கயாவது நாப்பது எழுத்துக்கு மேல போனா அது ஒரு வரி குறை சொல்லும். எழுதாம விடாது. எழுதிட்டுக் குறையும் சொல்லும். மொதல்ல அந்தக் குறையெல்லாம் திரையில வர்ற மாதிரிதான் வச்சிருந்தேன். மத்த ஊர்ச் சங்கத்துல அதைப் பாத்துப் பயந்து, பெட்டி திட்டுதுன்னு போன் மேல போன் போட்டாங்க. அதனால குறையை ஒரு குழாய் வழியா உள்ளயே திருப்பி விட்டேன்."

"குழாயோட அந்தப் பக்கம் யாரு?"

"யாரும் இல்லைங்க."

மூக்கையா காதைத் தீட்டினார்.

"யாரும் எடுக்காததால குழாய் நெறஞ்சு போகுது. நெறஞ்சதும் அடுத்த குறையைச் சொல்ல எடமில்லை. சொல்லாம அடுத்த வீட்டுக்கும் போகாது. குறையைக் கையில வச்சுக்கிட்டு அங்கனயே நிக்குது. என் லேப்டாப்ல அந்தக் குழாய் பெருசு. ஒங்க குறை மொத்தமும் அதுல அடங்கிருச்சு. இந்த விண்டோஸ்ல குழாய் சிறுசு. தொண்ணூத்தி சொச்சம் வீட்டுக் குறைதான் கொள்ளும்."

மூக்கையா பெட்டியைப் பார்த்தார். காலையிலிருந்து முதல் தடவையாக முறைக்காமல் பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"மனுவைக் கையில வச்சுக்கிட்டு, வாங்க ஆளில்லாம நிக்குது! அடப்பாவி, நம்ம சாதிடா இது! எந்த ஆபீஸ் வராந்தாவுல பாத்தாலும் நான் இப்படித்தானே நின்னேன்? ஒரு சொல்லு சொல்லியிருந்தா காலையிலயே ஒரு டீ வாங்கிக் குடுத்திருப்பேனே!"

"சொல்லத்தாங்க விடலை," என்றாள் சத்தியபிரியா.

"சரி, வாங்கிக்க ஒரு ஆளைப் போடு. வெரசா போடு. மணி பதினொண்ணே கால்."

அவள் லேப்டாப்பில் நாலைந்து வரி எழுதினாள். குறை சொல்லச் சொல்ல அதை வாங்கி ஒரு கோப்பில் எழுதி வைக்க ஓர் ஆள். எழுதுவதற்குப் பதினைந்து நிமிடம்தான் ஆயிற்று. அதைச் சங்கத்துப் பெட்டிக்குள் கொண்டுபோகத்தான் பாடாகிவிட்டது. ஒயர் வழியே பட்டியலைப் படிக்கத்தான் பெட்டி விட்டது, உள்ளே எதையும் எழுத விடவில்லை; லேப்டாப்பில் சி.டி. போடவும் வசதியில்லை. அவளிடம் விரல் நீளத்தில் ஒரு பென் டிரைவ் இருந்தது. பெட்டியில் அதைச் சொருகினால் யார் நீ என்று கேட்டது. பழைய பெட்டிக்குப் பிளாப்பிதான் தெரியும். செல்லப்பாண்டி பெருமாள்மலைக்கு ஓடி, ஜெராக்ஸ் கடையில் இரண்டு பிளாப்பி வாங்கி வந்தான். லேப்டாப்பில் பிளாப்பி போட ஓட்டை இல்லை. மறுபடியும் ஓடி, ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் பென் டிரைவைச் சொருகிப் பிளாப்பிக்கு மாற்றிக்கொண்டு, மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டே முக்கால்.

ஓட்டினார்கள். நாற்பது. நாற்பத்தைந்து. நாற்பத்தாறு.

நாற்பத்தேழு.

"தாண்டிருச்சு!" என்று செல்லப்பாண்டி மேசையில் அடித்தான். பழனிமுத்து உள்ளே போனான். சின்னச்சாமி போனான். சேனாதிபதி போனார். கோடு மறுமுனையைத் தொட்டு, நூறு என்று காட்டியது.

"இருங்க, குறைப் பட்டியலையும் பாத்துருவோம். இனி மறைக்கப் போறதில்லை," என்று சத்தியபிரியா கோப்பைத் திறந்தாள். ஒன்று: பேர் நீளம், முழுதும் சேர்க்கப்பட்டது. இரண்டு: பேர் நீளம், முழுதும் சேர்க்கப்பட்டது. அப்படியே இருநூற்றுப் பதினொன்று வரை ஒரே பாட்டு. கடைசி வரி மட்டும் வேறு மாதிரி இருந்தது.

"இருநூத்திப் பன்னெண்டு. கப்பல் கார்டு விவரம் காலி. பதிவு ஏற்கப்படாது." அவள் நிமிர்ந்தாள். "ஐயா, இது ஒங்க வீடில்லையா?"

மூக்கையா ஜன்னல் வழியே மூடுபனியைப் பார்த்தார்.

"நான் அன்னைக்கே கேட்டேன்," என்றான் செல்லப்பாண்டி மெல்ல. "எல்லார் கார்டையும் வாங்கிக் குடுத்தாரு. அவர் கார்டை மட்டும் காட்ட மாட்டேன்னுட்டாரு."

"காலியாவே கெடக்கட்டும்," என்றார் மூக்கையா.

"கெடந்தா ஒங்க வீட்டை மட்டும் தள்ளிருவாங்கய்யா. இருநூத்திப் பதினொரு வீட்டுக்குத்தான் பட்டா வரும்."

அவர் கை சட்டைப் பைக்குப் போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது. பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த கார்டை வெளியே எடுத்தார். செல்லப்பாண்டிக்குத் தெரியாமல் கையால் மறைத்துக்கொண்டு அவளிடம் நீட்டினார்.

"மனசுக்குள்ள படி. சத்தம் போடாதே."

அவள் மனதுக்குள்தான் படித்தாள். பாதியில் அவள் வாய் தானாகத் திறந்துகொண்டது. "குடும்பத் தலைவர் மூக்கையா, வயது முப்பது. தாய் மாரியாயி, வயது இருபத்தெட்டு. ஐயா, மாரியாயிங்கிறது..."

"என் பொண்டாட்டி," என்றார் மூக்கையா பல்லைக் கடித்துக்கொண்டு.

செல்லப்பாண்டி நாற்காலியோடு சாய்ந்துவிட்டான். சத்தியபிரியா மப்ளரை வாயில் அடைத்துக்கொண்டும் பலனில்லை.

"சிரிங்க, சிரிங்க. கார்டு எழுதுன அன்னைக்கு அடைமழை. பொண்டாட்டின்னு போட்ட கட்டம் நனைஞ்சு மை ஊறிப் போச்சு. எழுதின ஆளு மேல இருந்த தாய்க் கட்டத்துல அவ பேரைப் போட்டுட்டான். ஏன்னு கேட்டா, கப்பலேற இது போதும் போய்யான்னான். இதைக் காட்டினா, பொய்க் கார்டுன்னு வீட்டைப் புடுங்கிட்டா என்ன செய்ய? இல்லாட்டி ஊரு பூராவும் சிரிக்கும். ரெண்டுல எது மோசம்னு இன்னமும் தெரியலை."

வாசலில் தூக்குவாளி சத்தம் கேட்டது. மத்தியானச் சோற்றோடு மாரியாயி வந்து நின்றாள். கார்டையும் பார்த்தாள், மூவர் முகத்தையும் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அட, வெளிய எடுத்துட்டாரா? முப்பத்திரண்டு வருசமா அடைகாத்தாரே!" தூக்குவாளியை இறக்கி வைத்தாள். "கப்பல்ல நடந்ததைச் சொன்னாரா?"

"ஏ மாரியாயி, சும்மா இரு."

"மாரியாயியும் மகனும்னு கூப்பிட்டாக, தாயி. பிள்ளை இருக்கிறவுகளுக்குத் தனியா ஒரு கோப்பை பால். கார்டைப் பாத்துட்டு எங்கிட்டயும் ஒரு கோப்பை நீட்டினாக. பிள்ளை எங்கன்னு கேட்டாக. இவரு பின்னாடி மீசையோட நிக்கிறாரு."

"யாரு குடிச்சா?" என்றாள் சத்தியபிரியா, மூச்சுத் திணற.

"வேற யாரு? பசியில மடக்கு மடக்குன்னு குடிச்சது இவருதான். அன்னையிலருந்து எனக்கு மூத்த மகன்."

மூக்கையாவின் முகம் அடுப்புக்கட்டி போல இறுகியிருந்தது. ஆனால் உதட்டின் ஒரு ஓரம் சொன்னபடி கேட்கவில்லை. அந்தப் பாலில் சீனி போட்டிருந்தது அவருக்கு இன்னமும் ஞாபகம் இருக்கிறது.

"ஐயா," என்றாள் சத்தியபிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காலியா விட்டாத்தான் தள்ளும். கார்டுல என்ன இருக்கோ அதைப் போட்டு, இது தவறுன்னும் போடுங்க. ரேஷன் கார்டுல மனைவின்னு இருக்கில்ல? அந்த நம்பரையும் போடுவோம். கருவி குறை சொல்லும். சொல்லட்டுமே. வாங்கிக்கத்தான் இப்ப ஆளு இருக்கே."

மணி ஒன்று பத்து. மூக்கையா யோசித்தார். எல்லோருடைய பேரையும் மறு பேரையும் பிடுங்கிப் பிடுங்கிக் கட்டத்துக்குள் போடச் சொன்னது அவர்தான். பழனிமுத்து தன் ஐந்து பேரையும் கூசாமல் கொடுத்தான். அவனால் முடிந்தது தன்னால் முடியவில்லை என்பது அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏலே செல்லப்பாண்டி, அடி. மூக்கையா. கப்பல் கார்டில் மாரியாயி தாய் என்று உள்ளது. அது எழுதியவன் செய்த தவறு. மாரியாயி என் மனைவி. என்னை விட ரெண்டு வயசு சின்னவள். எல்லாம் ஒரே ஆள். அடிச்சிட்டியா?"

"எல்லாம் ஒரே ஆள்ங்கிறது இதுக்கு வேணுமா தலைவரே?"

"அடிறா. எல்லாருக்கும் போட்டது எனக்கு மட்டும் எதுக்கு விட்டுப்போகணும்?"

மறுபடி ஓட்டினார்கள். கோடு போவதை நாலு பேரும் பார்த்தார்கள். நாற்பத்தாறில் மூக்கையா கண்ணை மூடிக்கொண்டார், மாரியாயி விலாவில் இடித்ததும் திறந்தார். நூறு. குறைப் பட்டியலின் கடைசி வரி: இருநூற்றுப் பன்னிரண்டு, பேர் நீளம், முழுதும் சேர்க்கப்பட்டது.

"ஊரோட சேந்துட்டீங்கய்யா," என்றாள் சத்தியபிரியா.

சி.டி. சூடாக வெளியே வந்தது. மூக்கையா அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். பாரத்தில் செல்லப்பாண்டி போட்டதும் அவரும் ஒவ்வோர் எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். போட்டு முடிந்ததும், "இன்னொண்ணு போடு. இது வழியில கீழ விழுந்துட்டா?" என்றார். சத்தியபிரியா இன்னொன்று போட்டாள். ஒருத்தருக்கு ஒருத்தர் அதற்குள் நன்றாகப் பழகிவிட்டார்கள்.

பஸ்ஸுக்கு அவர் மட்டும்தான் போவதாக இருந்தது. மாரியாயி பின்னாலேயே ஏறி உட்கார்ந்தாள்.

"நீ எங்க வர்றே?"

"சி.டி.யை ஒங்ககிட்ட நம்பிக் குடுக்கவா? ஒண்ணை நான் வச்சுக்குறேன்."

அவர் சற்று யோசித்து, ஒன்றை அவளிடம் கொடுத்தார்.

திண்டுக்கல்லில் ஜன்னலை அடையும்போது ஐந்து மணி ஐந்து நிமிடம். உள்ளே இருந்த கண்ணாடிக்காரர் சி.டி.யைத் தன் பெட்டியில் போட்டார். திறந்தது. ரசீது எழுதப் பேனாவை எடுத்தார்.

"சார், ஒரு நிமிசம். இருநூத்திப் பன்னெண்டைக் காட்டுங்க."

"எல்லாம் இருக்குய்யா."

"இருக்குன்னு நீங்க சொல்றீங்க. நான் பாக்கணும்."

கண்ணாடிக்காரர் பெருமூச்சு விட்டுத் திரையைத் திருப்பினார். மூக்கையா எழுத்துக்கூட்டிப் படித்தார். முழுதும் படித்தார். கண்ணாடிக்காரரும் கூடவே படித்தார். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். மூக்கையாவின் தோளுக்குப் பின்னால், தூக்குவாளியோடு நின்ற கிழவியை எட்டிப் பார்த்தார்.

"கூட வந்திருக்கிறது யாரு?"

மாரியாயி வாயைத் திறந்தாள். என்ன சொல்லப் போகிறாள் என்று அவள் கண்ணிலேயே தெரிந்தது. மூக்கையா முந்திக்கொண்டார். வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"என் பொண்டாட்டிங்க. தாராளமா எழுதிக்குங்க."